மேலூர் குவாரிக் குழியில் மீன் விடலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் கைவிட்ட கிரானைட் குழியில் தண்ணீர் தெளிவாக நிற்கிறது. கட்லா, ரோகு விடலாமா? உலோக நஞ்சு இருக்குமா?

பதில் 1: கிரானைட்டில் சல்பைடு (காற்றும் நீரும் பட்டால் அமிலம் தரும் கந்தகக் கனிமம்) குறைவு. அதனால் செம்பு, ஈயச் சுரங்கம் போல உலோகத்தைக் கரைக்கும் அமில நீர் பொதுவாக ஊறாது. ஆனால் பழைய பேட்டரி, கழிவு கொட்டியிருந்தால் கதை வேறு. தெளிவை நம்பாதீங்க, கரைந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாது.

பதில் 2: ஆய்வகத்துக்குக் கொடுக்கும் நீர் மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் (அமிலத்தன்மை அளவு) 2-க்குக் கீழே இறக்குங்க. இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டி, அளவு குறைத்துக் காட்டும். அடிச்சேறும் தனியாகக் கொடுங்க. நீரின் கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மக்னீசியம் அளவு) கட்டாயம் பாருங்க: அது குறைந்த மென்னீரில் அதே அளவு செம்பு செவுளைக் கூடுதலாகத் தாக்கும்.

பதில் 3: ஆய்வக அறிக்கை வந்தபின் வலைக்கூண்டில் 20 குஞ்சு விட்டு 96 மணி நேரம் பாருங்க. செவுளில் சளி கட்டினால் வேண்டாம். விடியற்காலையில் மட்டும் வாய் பிளந்தால் அது ஆக்சிஜன் குறைவு.