புதுப்பிப்பு: அலையுருவர்களின் உருமாற்றத்திற்கு ஒரு வரம்பு

என் கற்பனை உலகின் கடல்வாழ் மனித இனமான அலையுருவர்களைப் பற்றிச் சென்ற பதிவில் எழுதியபோது, உருமாறும்போது அவர்களின் எடை எங்கே போகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எடை எங்கும் போகாது என்று முடிவு செய்திருக்கிறேன். 1998இல் இந்தோனேசியாவின் சுலாவெசிக் கடற்பகுதியில் கண்டறியப்பட்ட, பிற உயிர்களைப் போல நடிக்கும் ஆக்டோபஸ், ஆறு கைகளைக் குழிக்குள் மறைத்து, மீதி இரண்டையும் எதிரெதிர்த் திசையில் நீட்டிக் கடற்பாம்பாகத் தோன்றுகிறது. தோலில் உள்ள நுண்ணிய நிறப்பைகளை இழுக்கும் தசைகளை நரம்புகளே நேரடியாக இயக்குவதால், ஆக்டோபஸ்களின் நிறமும் நொடிக்குள் மாறிவிடுகிறது. அலையுருவர்களும் தோலையும் தோரணையையும் மட்டுமே மாற்றுவார்கள். எலும்பாலான மண்டை ஓடு இருப்பதால் அவர்களின் தலை ஒடுங்காது (கதைக்கு இது வசதிதான்); ஆகவே துறைமுகக் காவலர்கள் வலைக்கண்ணின் அளவை வைத்தே அவர்களைத் தடுத்துவிடுவார்கள்.