கடவுள் நம்பிக்கையற்றவன், கோயில் கல்வெட்டில் ஈடுபாடுள்ளவன்: எவ்வாறு அறிமுகப்படுத்திக்கொள்வது?

கேள்வி (மன்னார்குடி):

அனைவருக்கும் வணக்கம். நான் கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பெரியார் கொள்கையில் ஊறிய குடும்பத்தில் பிறந்ததால் கடவுள் நம்பிக்கை எனக்கு என்றுமே இருந்ததில்லை. ஆயினும் சோழர் காலக் கல்வெட்டுகள் என்றால் பசி தெரியாது. ஒரு திருவிளக்கு எரிக்க ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16 என்றும், அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்றும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கூறுவதைப் படிக்கும்போது, பழைய பேரேட்டைப் புரட்டுவது போன்ற மகிழ்ச்சி உண்டாகிறது.

மாதந்தோறும் ஒரு கோயிலுக்குச் சென்று கல்வெட்டுகளை நேரில் படிக்கும் குழுவொன்றில் சேர விரும்புகிறேன். சேருவோர் தம் ஈடுபாட்டையும் கொள்கையையும் சில வரிகளில் எழுதித் தர வேண்டுமாம். குழுவினருள் பெரும்பாலோர் திருமுறை ஓதும் அன்பர்கள். நம்பிக்கையின்மையை மறைத்துச் சேர மனம் ஒப்பவில்லை. எழுதினாலோ, வாதுக்கு வந்தவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?

மறுமொழி (கும்பகோணம்):

ஐயா, நான் நாள்தோறும் தேவாரம் பாடுபவள். இத்தகைய பயணங்களுக்கும் செல்பவள். தாராளமாக எழுதுங்கள். ஆனால் அந்த விளக்குக் கணக்கை முதலில் எழுதிவிட்டு, நம்பிக்கையைப் பற்றிப் பிறகு எழுதுங்கள். படிப்பவர் எதை முதலில் காண்கிறாரோ அதைக் கொண்டே உங்களை நினைவில் வைத்துக்கொள்வார். மேலும், கொள்கையைக் காட்டிலும் நடைமுறையைச் சொல்வது பயன் தரும். குருக்கள் திருநீறு தந்தால் என்ன செய்வீர்கள், வழிபாட்டு நேரத்தில் எங்கே நிற்பீர்கள் என்பவைதாம் உடன் வருவோருக்குத் தெரிய வேண்டியவை. வாங்க விருப்பமில்லையென்றால் கைகூப்பி விலகிக்கொள்ளலாம். வாங்கித் தூணில் கொட்டுவதைத்தான் எங்களால் பொறுக்க முடிவதில்லை. (அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பக்தர்கள்தாம் என்பது வேறு செய்தி.) மற்றபடி, புள்ளியில்லாத எழுத்தைப் படிக்கும்போது ஆத்திகரும் நாத்திகரும் ஒரே இடத்தில்தான் திணறுகிறோம்.

மறுமொழி (தஞ்சாவூர்):

அம்மையார் கூறியதில் பாதியை ஏற்கிறேன். விளக்குக்கு எத்தனை ஆடு என்பதில் நம்பிக்கைக்கு இடமில்லைதான். ஆனால் அதே பெரிய கோயிலில், தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிர்) 400 பேரைப் பற்றிய கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, பங்கு ஒன்றுக்கு நெல் 100 கலம் என்பவை வரை அதில் வெட்டப்பட்டுள்ளன. இதை அரசன் கலைக்குச் செய்த சிறப்பு என்று ஒருவர் படிக்கிறார். பெண்களை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்த ஆணை என்று இன்னொருவர் படிக்கிறார். இருவரும் கல்லில் இல்லாத ஒன்றைச் சேர்த்தே படிக்கின்றனர். ஆகவே, எந்தப் பக்கம் நின்று படிக்கிறோம் என்பதை முன்னரே அறிவிப்பது நேர்மை. நாத்திகன் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், சமயக் கொடைகளை நீங்கள் எவ்வாறு பார்க்கிறீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இவை யாவும் உள்ளன; படித்துவிட்டுச் செல்வது நல்லது.

மறுமொழி (நாகூர்):

தஞ்சாவூர் ஆசிரியர் ஐயாவிடம் மரியாதையுடன் மாறுபடுகிறேன். நம்பிக்கையுள்ளவர் எவரும் ‘என் பக்தி என் வாசிப்பைச் சாய்க்கக்கூடும்’ என்று எழுதித் தருவதில்லை; அந்த வாக்குமூலத்தை நம்பாதவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது முறையா? நான் இசுலாமியன். குழுவில் சேரும்போது பெயரை எழுதினேன். அதுவே போதுமானதாக இருந்தது. கல்வெட்டுகளில் பெரும்பகுதி அதிட்டானம் எனும் அடித்தளத்திலும் புறச்சுவரிலும்தான் இருக்கின்றன. கருவறைப் பக்கம் செல்லாமலே ஒரு நாள் முழுவதும் படிக்கலாம். சைவனான முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தின் வருவாயை நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு அளித்ததை ஆனைமங்கலச் செப்பேடு பதிந்து வைத்திருக்கிறது. எங்கள் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்த மண்ணில் இது புதிய சிக்கல் அன்று. ஒரே வரியில் சொல்லிவிட்டு, வேலைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வியாளர்:

மூவருக்கும் நன்றி. கீழ்க்கண்டவாறு எழுதலாம் என்றிருக்கிறேன்:

“சோழர் கால நிலக்கொடை, கால்நடைக்கொடை, வரி ஆகியவற்றின் கணக்குகளில் ஈடுபாடுள்ளவன். தமிழ்க் கல்வெட்டுகளை ஓரளவு படிப்பேன், கிரந்தம் தெரியாது. கடவுள் நம்பிக்கை இல்லாதவன். கோயில் நடைமுறைகளுக்கு உட்பட்டு வருவேன். திருநீறு பெற்றுக்கொள்ளும் வழக்கம் இல்லை. கொடைகளைப் பக்தியாக அன்றி, அக்காலப் பொருளாதாரமாகவே பார்க்கிறேன்.”

ஆசிரியர் ஐயா கேட்ட வரியை நாகூர் நண்பரின் மறுப்புக்குப் பிறகும் நீக்கவில்லை. கேட்கப்படாவிட்டாலும் சொல்ல விரும்பிய வரி அது. கும்பகோணம் பக்கம், கல்வெட்டுகளில் வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தைக் கற்பிப்பவர் எவரேனும் உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.