‘செட்’: செட்டியார் தெருவில் ஒன்று, புதுக்கடையில் வேறொன்று

இடத்துக்கு இடம் பொருள் மாறிக் குழப்பும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி இங்கே ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். என் பங்குக்கு ‘செட்’ (set). கொழும்பு வெள்ளவத்தையில் ஓ.எல். (சாதாரண தர) பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் அதிகம் சந்தேகம் கேட்கும் சொல் இதுதான்.

நமக்குப் பழகிய ‘செட்’டில் சிக்கல் இல்லை. செட்டியார் தெருவில் கலியாண நகை பார்க்கப் போனால், நெக்லஸ், தோடு, மோதிரம், காப்பு எல்லாம் ஒரே வேலைப்பாட்டில் இருந்தால் அது செட். கணித பாடத்தில் அது தொடை. “எங்கட செட்” என்றால் கூடப் படித்த கூட்டாளிமார். வீட்டு வேலைக்கு வரும் மேசன் பாஸ், “இன்னும் செட் ஆகேல்ல, கால் வைக்காதீங்க” என்றால் கொங்கிரீட் இறுகவில்லை என்று அர்த்தம். (செட் ஆகச் சில மணி நேரம் போதும், பலம் ஏற வாரக்கணக்காகும். 28ஆம் நாள் பலத்தைத்தான் வழக்கமாகச் சோதிக்கிறார்கள். ஆகவே செட் ஆகிவிட்டது என்று தண்ணீர் விடுவதை நிறுத்திவிடாதீர்கள்.)

மனதை விட்டுப் போகாதது புதுக்கடை நீதிமன்ற விஷயம். பக்கத்து வீட்டு அன்ரிக்கு ஒரு வீட்டு வழக்கு. அவருக்கு எதிராக வந்த கட்டளையை மேன்முறையீடு செய்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சட்டத்தரணியிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரே வரியில் செய்தி: கட்டளை ‘செட் எசைட்’ (set aside) ஆகிவிட்டது. மகனுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் அவன் அறிந்த ‘செட் எசைட்’, சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது. “அப்படியே ஒதுக்கி வச்சிருக்கிறாங்களாம் அம்மா, பிறகுதான் பார்ப்பாங்க” என்று சொல்லிவிட்டான். வார இறுதி முழுக்க அன்ரி சரியாகச் சாப்பிடவில்லை. செய்தியை என்னிடம் காட்டியபோதுதான், நீதிமன்றத்தில் அதற்கு ரத்து செய்வது என்று பொருள் எனச் சொன்னேன். திங்கள் காலை சட்டத்தரணியும் அதை உறுதிப்படுத்தினார்.

1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மேல்நிலை நீதிமன்றங்களின் வேலை இன்றும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. சரி, அது ஒரு நாளில் மாறாது. ஆனால் கட்சிக்காரருக்குத் தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மனுசி பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறக்குறைய 430 பொருள்கள் உண்டு. இவ்வளவுக்கும், பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்கு அடிப்படைப் பொருள் ‘உட்கார வை’ என்பதுதான். நகை செட்டும் நண்பர் செட்டும் வேறு வழி: லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, பிறகு இதோடு கலந்துவிட்டன.

அதனால், “செட் என்றால் என்ன மிஸ்?” என்று யாராவது கேட்டால், முழு வாக்கியத்தையும் வாங்கிப் பார்க்காமல் பதில் சொல்வதில்லை. பக்கத்தில் ‘ஓஃப்’ வந்தால் பயணம் கிளம்பலாம், அலாரமும் அடிக்கலாம். ‘பேக்’ வந்தால் வேலை தாமதமாகியிருக்கும். மழையைப் பற்றிய வாக்கியத்தில் ‘இன்’ வந்தால், மழை இப்போதைக்கு விடாது.

வங்கியிலோ வைத்தியசாலையிலோ நீதிமன்றத்திலோ இந்தச் சொல்லிடம் மாட்டியவர்கள் இருந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு உதவும்.