விண்டோஸ் விஎம் லாகின் ஆனதும் நீலத்திரை. சிபியு மாடலை மாற்றினால் வருவதில்லை. ஏன்?

கணக்கர்_ஈரோடு:

வணக்கம். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில்தான். மெயின் மெஷின் இன்டெல் கோர் ஐ5, 32 ஜிபி ரேம், டெபியன் 12 லினக்ஸ். அதில் கேவிஎம் (லினக்ஸ் கர்னலில் இருக்கும் விர்ச்சுவல் மெஷின் வசதி), அதை நிர்வகிக்க விர்ட் மேனேஜர் போட்டு, விண்டோஸ் 10ஐ விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஆக ஓட்டுகிறேன். இது புதிதாக இன்ஸ்டால் செய்த விண்டோஸ் இல்லை. ஆபீஸில் இருந்த பழைய டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்கை அப்படியே இமேஜ் எடுத்து, கியூகவ்2 (விஎம்முக்கு டிஸ்காக இருக்கும் கோப்பு வகை) ஆக மாற்றி மாட்டியது. கணக்கு மென்பொருளை மறுபடி ஆக்டிவேட் செய்யும் தலைவலி வேண்டாம் என்றுதான் இப்படிச் செய்தேன்.

பூட் ஆவதில் ஒரு குறையும் இல்லை. பாஸ்வேர்டு கொடுத்து டெஸ்க்டாப் வந்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகான்கள் ஒவ்வொன்றாக வரும்போது படக்கென்று நீலத்திரை. 'கேமோட் எக்ஸெப்ஷன் நாட் ஹேண்டில்டு' என்கிறது. ரீஸ்டார்ட் ஆகி மறுபடியும் அதே இடத்தில் அதே கதை. சேஃப் மோடில் எவ்வளவு நேரம் விட்டாலும் ஓடுகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். விஎம்முக்குக் காட்டும் சிபியு மாடலை 'ஹோஸ்ட் பாஸ்த்ரூ'விலிருந்து (நிஜ சிபியுவை அப்படியே காட்டுவது) 'கியூஈஎம்யூ64'க்கு (பொதுவான கற்பனை சிபியு) மாற்றினால் நீலத்திரை வருவதே இல்லை. ஆனால் வேகம் குறைகிறது. ஒரு புரோகிராம் ஏவிஎக்ஸ் (சிபியுவின் ஒரு கட்டளைத் தொகுப்பு) இல்லை என்று சொல்லி திறக்கவே மறுக்கிறது. பாஸ்த்ரூவிலேயே ஓட்ட வழி இருக்கிறதா?

ரேம்_ராஜா:

ரேம்தான் பாஸ். விஎம் நிறைய மெமரி எடுக்கும்போது கெட்ட பகுதியில் போய் இடிக்கும். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓட விடுங்கள். பயாஸையும் அப்டேட் செய்துவிடுங்கள்.

கணக்கர்_ஈரோடு:

மெம்டெஸ்ட் ஓட்டியாயிற்று நண்பரே, ஒரு எரர் கூட இல்லை. ஹோஸ்டில் (வெளியே ஓடும் டெபியனில்) வேறு எதுவும் தடுமாறவும் இல்லை.

பழைய_சர்வர்:

ரேம் கெட்டுப்போயிருந்தால் இடம் பார்த்து அடிக்காது தம்பி. இன்று லாகினில், நாளை பிரிண்ட் எடுக்கும்போது, மறுநாள் சும்மா இருக்கும்போது என்று மாறி மாறி வரும். ஒரே இடத்தில், அதுவும் ஐகான்கள் வரும் நேரத்தில் விழுகிறது என்றால், லாகினோடு சேர்ந்து கிளம்பும் ஏதோ ஒரு புரோகிராம்தான் தள்ளிவிடுகிறது. சேஃப் மோடில் அது கிளம்பாது, அதனால் விழுவதில்லை.

நிஜ மெஷினின் டிஸ்கைத் தூக்கி வந்தேன் என்கிறீர்களே, அந்த மதர்போர்டோடு வந்த மென்பொருள் ஏதாவது உள்ளே உட்கார்ந்திருக்கிறதா? ஃபேன் வேகம், வெப்பநிலை காட்டுகிற வகை?

ஒரு சோதனை சொல்கிறேன். விஎம்மை ஷட்டவுன் செய்யுங்கள். ஹோஸ்டில் ரூட்டாக (நிர்வாகியாக), சிஸ் (/sys) ஃபைல் சிஸ்டத்தில் கேவிஎம் மாட்யூலின் பாராமீட்டர்ஸ் கோப்புறைக்குள் போனால் 'இக்னோர் எம்எஸ்ஆர்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் 1 என்று எழுதுங்கள். மாட்யூலை எடுத்துப் போட வேண்டாம், உடனே அமலுக்கு வரும். இன்னொரு டெர்மினலில் டிமெசேஜை (கர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டு, பாஸ்த்ரூவிலேயே விண்டோஸைக் கிளப்புங்கள். லாகின் ஆகும் நேரத்தில் என்ன வரி வருகிறது என்று சொல்லுங்கள்.

இணையத்தில் பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு 'அன்ஹேண்டில்டு' என்ற வரியைத் தேடாதீர்கள். பழைய கர்னல்களில் அது நேராக லாகில் வந்து விழும். டெபியன் 12இன் 6.1 கர்னலில் அதை டீபக் மட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள், சாதாரணமாகக் கண்ணில் படாது. இக்னோரைப் போட்டால்தான் 'இக்னோர்டு' என்று வாய் திறக்கும்.

கணக்கர்_ஈரோடு:

அண்ணா, நீலத்திரை வரவில்லை! ஐகான்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. டிமெசேஜில் 'இக்னோர்டு ஆர்டிஎம்எஸ்ஆர்' என்று வரிகள். எண் ஹெக்ஸில் 1ஏ2, அப்புறம் 19சி, டேட்டா 0. இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நீங்கள் சொன்ன மாதிரியே போர்டு கம்பெனியின் வெப்பநிலைப் புரோகிராம் ஒன்று உள்ளே இருக்கிறது. சிபியு சூட்டை ஏதோ அபத்தமான எண்ணாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய_சர்வர்:

பிடிபட்டது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த தடவை உதவும்.

எம்எஸ்ஆர் என்பவை சிபியுவுக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் (சின்னச் சேமிப்பு இடங்கள்), மாடலுக்கு மாடல் மாறும். இன்டெலில் 19சி வெப்பநிலைக்கானது. ஆனால் அது நேராக டிகிரியைச் சொல்லாது. உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டும்தான் சொல்லும். அந்த உச்ச வரம்பு 1ஏ2இல் இருக்கிறது. இரண்டையும் படித்துக் கழித்தால்தான் சூடு தெரியும். உங்கள் புரோகிராமின் டிரைவர் அதைத்தான் செய்யப் பார்க்கிறது.

விடி-எக்ஸ் (விஎம் ஓட்ட இன்டெல் சிபியுவில் இருக்கும் வசதி) இருக்கும்போது கெஸ்டின் (உள்ளே ஓடும் விண்டோஸின்) பெரும்பாலான கட்டளைகள் நேரடியாக சிபியுவிலேயே ஓடிவிடும். இந்த மாதிரி ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளை (ஆர்டிஎம்எஸ்ஆர்) வந்தால் சிபியு கெஸ்டை நிறுத்திவிட்டு கேவிஎம் கையில் கொடுக்கும். கேவிஎம் தன் பட்டியலில் தேடும். அதில் இல்லையா, இல்லாத ரெஜிஸ்டரைக் கேட்டால் நிஜ சிபியு என்ன செய்யுமோ அதையே செய்யும்: கெஸ்டுக்குள் ஒரு ஜெனரல் ப்ரொடெக்‌ஷன் ஃபால்ட்டை (அனுமதியில்லாத செயல் என்ற பிழையை) தள்ளும். டிரைவர் எழுதினவர் அதை எதிர்பார்க்கவே இல்லை, அவருடைய போர்டில் அது ஒருநாளும் வந்ததில்லை. கர்னலுக்குள் பிடிக்க ஆளில்லாத எக்ஸெப்ஷன் வந்தால் விண்டோஸ் நீலத்திரை போட்டு நின்றுவிடும்.

கியூஈஎம்யூ64 போட்டால் ஏன் வரவில்லை? அங்கே சிபியு பெயரே 'கியூஈஎம்யூ விர்ச்சுவல் சிபியு' என்றுதான் தெரியும். புரோகிராமுக்குத் தெரியாத மாடல், அதனால் ஒதுங்கிவிடுகிறது. பாஸ்த்ரூவில் நிஜமான கோர் ஐ5 என்று தெரிந்ததும் தைரியமாகக் கை வைக்கிறது. விஎம்முக்குள் இருக்கிறோமா என்று பார்க்க சிபியுஐடியில் (சிபியு தன்னைப் பற்றிச் சொல்லும் தகவலில்) தனியாக ஒரு பிட்டே இருக்கிறது. அதைப் பார்க்காமல் எழுதுகிற டிரைவர்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம், கேவிஎம் மேல் இல்லை.

சிஸ்அட்மின்_அக்கா:

இக்னோரை நிரந்தரமாக 1 ஆக வைக்காதீர்கள். ஹோஸ்டில் இருக்கும் எல்லா விஎம்முக்கும் சேர்த்துத்தான் அது பொருந்தும். படித்தால் 0 தரும், எழுதினால் தூக்கிப் போட்டுவிடும். கெஸ்டோ எல்லாம் சரியாக நடந்தது என்று நம்பிக்கொண்டிருக்கும். அந்த 0ஆல் எங்கேயாவது வகுத்தால் அடுத்த நீலத்திரை. லாக் நிரம்புகிறது என்று 'ரிப்போர்ட்' பாராமீட்டரையும் சிலர் அணைத்துவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து அப்படி வைத்தால் ஆதரவில்லாத அமைப்பு என்று கர்னலே எச்சரிக்கும். விஎம்முக்குள் ஃபேனும் இல்லை, சென்சாரும் இல்லை, அந்தப் புரோகிராம் எதற்கு? தூக்கிவிடுங்கள்.

கணக்கர்_ஈரோடு:

அக்கா, தூக்கத்தான் போனேன். அன்இன்ஸ்டால் கொடுத்தால் 'இந்த மதர்போர்டுக்கு ஆதரவில்லை' என்று சொல்லி மூடிக்கொள்கிறது!

சிஸ்அட்மின்_அக்கா:

அது அப்படித்தான். முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் (விஎம்மின் இப்போதைய நிலையின் நகல்) எடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் 'மினிடம்ப்' என்று இருக்கும், அதில் உள்ள கடைசிக் கோப்பை விண்டிபக்கில் (மைக்ரோசாப்டின் பிழை ஆராயும் கருவி) திறந்தால் எந்த டிரைவர் விழுந்தது என்று பெயரோடு சொல்லும். பிறகு ரெஜிஸ்ட்ரியில் 'சர்வீசஸ்' கீழே அந்த டிரைவரின் கீயைத் தேடி, 'ஸ்டார்ட்' மதிப்பை 4 ஆக்குங்கள். 4 என்றால் டிசேபிள்டு. ஸ்டார்ட்அப் பட்டியலிலும் புரோகிராமை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் வேறு கீ எதையும் தொடாதீர்கள். டிஸ்க் டிரைவரை 4 ஆக்கிவிட்டு விண்டோஸ் பூட்டே ஆகவில்லை என்று வந்தவர்கள் உண்டு.

கணக்கர்_ஈரோடு:

ஆயிற்று. டம்பில் அதே கம்பெனியின் டிரைவர்தான். 4 ஆக்கி, ஹோஸ்டில் இக்னோரை மறுபடி 0 ஆக்கிவிட்டேன். பாஸ்த்ரூவில் நன்றாக ஓடுகிறது, ஏவிஎக்ஸ் கேட்ட புரோகிராமும் திறக்கிறது. அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

புதியவன்_23:

இதே பிரச்சினைதான் எனக்கும். விண்டோஸ் விஎம் நடுவில் நின்றுவிடுகிறது. ஆனால் நீலத்திரை எதுவும் இல்லை, விர்ட் மேனேஜரில் 'பாஸ்டு' என்று காட்டுகிறது. இக்னோர் போட்டும் பலனில்லை.

பழைய_சர்வர்:

அது வேறு வியாதி. நீலத்திரை என்றால் கெஸ்ட் தானே விழுகிறது. பாஸ்டு என்றால் ஹோஸ்ட் பக்கத்திலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். இமேஜ் கோப்பு இருக்கும் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கியூகவ்2 வளர இடம் இல்லையென்றால் விஎம்மை இயக்கும் கியூஈஎம்யூ மென்பொருள் அதை இப்படித்தான் நிறுத்தி வைக்கும். இடம் செய்துகொடுத்து ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இடம் இருந்தும் நிற்கிறது என்றால் லிப்விர்ட்டின் (விர்ட் மேனேஜருக்குப் பின்னால் விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) லாக் கோப்புறையில் அந்த விஎம் பெயரில் இருக்கும் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். 'கேவிஎம் என்ட்ரி ஃபெயில்டு' என்று இருந்தால் கர்னல் பதிப்பையும் சிபியு மாடலையும் எழுதி புதுக் கேள்வியாகப் போடுங்கள்.