நிர்வாகம் கலந்த தரவுப் பகுப்பாய்வு மாஸ்டர்ஸ், எனக்குச் சரிவருமா?

பாயான்_லெப்பாஸ்காரி:
பிபிஏ முடித்துவிட்டுத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் வேலை, நாள் முழுக்க எக்செல்தான். இந்த மாஸ்டர்ஸ் படித்தால் மேலே போகலாம் என்கிறார்கள். கோடிங் தெரியாது, சமாளிக்க முடியுமா?

கேஎல்_அண்ணன்:
முடியும் தங்கச்சி. ஆனால் சேருவதற்கு முன்னாலேயே எஸ்கியூஎல்லும் (தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழி) அடிப்படைப் புள்ளியியலும் பழகிக்கொள், ஏனென்றால் ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எப்படி மாறும் என்று கணிக்கும் முறை) எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று புரியாமல் பைதான் கோடிங்கை மட்டும் ஓட்டினால், மேலாளர் “சரி, இப்போ என்ன செய்யணும்?” என்று கேட்கும்போது வாயடைத்துப் போகும். நிர்வாகப் பக்கம் சாய்ந்த படிப்பில் அதற்குத்தான் பயிற்சி: தேவையை முன்கணிப்பது, எந்தச் சரக்கை எவ்வளவு இருப்பு வைப்பது. உன் வேலையே அதுதானே!

ஆயர்_ஈத்தாம்:
பினாங்கிலேயே யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) தரவு அறிவியல், பகுப்பாய்வு மாஸ்டர்ஸ் இருக்கிறது, ஆனால் அது கணினித்துறை நடத்துவது. பாடப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், பெயரை நம்பாதீர்கள். அப்புறம், அங்கீகாரம் பெற்ற உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு உண்டு. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தையும் படிப்புக்கு எடுக்கலாம். எனக்கென்னவோ அதில் கைவைக்க மனசு வராது.

பாயான்_லெப்பாஸ்காரி:
நன்றி அண்ணா. முதலில் எஸ்கியூஎல், பிறகு விண்ணப்பம்.