வல்லாரை பச்சையா சாப்பிட்டா மருந்துக்கு மசியாத கிருமி வருமா?

வெள்ளவத்தை_மகள்:
அம்மாக்கு 68 வயசு, சீனி வருத்தமும் இருக்கு. போன மாசம் சலக்கடுப்பு காய்ச்சல் எண்டு கொண்டுபோக யூரின் கல்ச்சர்ல ஈ.கோலைக் கிருமி, அதுவும் ஈஎஸ்பிஎல் (கன அன்டிபயோடிக்குகளை உடைச்சுப்போடுற வகை) எண்டு வந்திட்டுது, குளிசை சரிவராதெண்டு 7 நாள் வார்ட்ல வச்சு ஊசி போட்டவை. இப்ப பக்கத்து வீட்டு அன்ரி, பச்சை இலை சாப்பிட்டதாலதான் எண்டு சொல்றா. எங்கட வீட்டில கிழமைக்கு மூண்டு நாள் வல்லாரைச் சம்பல், உப்புத்தண்ணில ஊறப்போட்டுத்தான் செய்யிறனான். இனி நிப்பாட்டவா? அது இல்லாட்டி அம்மாக்குச் சோறு இறங்காது.

லேப்_அண்ணா:
தங்கச்சி, வல்லாரையாலதான் எண்டு ஒருத்தராலயும் அடிச்சுச் சொல்லேலாது. முந்தி குடிச்ச அன்டிபயோடிக்காலயும் இருக்கலாம், ஆஸ்பத்திரில ஒட்டினதாவும் இருக்கலாம். ஆனா அன்ரி சொல்றதில விஷயம் இருக்கு. இந்தக் கிருமி சாப்பாட்டோட போனா உடன வருத்தம் வராது, குடல்ல சத்தமில்லாம இருக்கும், மருந்தை எதிர்க்கிற ஜீனைப் பக்கத்தில இருக்கிற மற்றக் கிருமிகளுக்கும் குடுக்கும், பிறகொருநாள் அது சலப்பையுக்குள்ள போனாத்தான் பிரச்சினையே தெரியும். வல்லாரை ஈரநிலத்தில தரையோட படர்றது, வாய்க்கால்த் தண்ணி ஊத்தையெண்டா எல்லாம் இலைலதான். உப்புத்தண்ணியை நம்பாதேங்கோ, ஓடுற பைப் தண்ணில ஒவ்வொரு இலையாத் தேய்ச்சுக் கழுவினா குறையும், முழுக்கப் போகாது. ஆனா மருந்துக்கு மசியாதது சூட்டுக்கு மசியும், மற்றக் கிருமி மாதிரியே செத்துப்போகும். அம்மா கேஸ்ட்ரைடிஸுக்கு ஒமிப்ரசோல் போடுறவவோ? அதால வயித்து அமிலம் குறைஞ்சா கிருமி தப்பிக் கீழ போறது கூட, டொக்டரிட்டக் கேளுங்கோ, நீங்களா நிப்பாட்டவேண்டாம்.

மலைநாட்டுப்_பொடியன்:
அக்கா நான் நுவரெலியாப் பக்கம், வீட்ல தோட்டந்தான். பேலியகொட மெனிங் மார்க்கெட்டுக்கு லொறில வர்ற கேரட்ட பளபளன்னு பாத்துட்டு அப்படியே கடிச்சிராதீங்க, எங்க ஊர்ல ஓடைத் தண்ணில கழுவி அனுப்புறவங்களும் இருக்காங்க. கோழி எருவ மக்க வைக்காம பச்சையாவே போடுறாங்க, கோழிக்குக் குடுத்த மருந்துக்குத் தப்புன கிருமி எருவோட மண்ணுக்கு வந்துருது, இத தோட்டத்துல சொன்னா யாரும் கேக்குறதில்ல, அதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

லேப்_அண்ணா:
தம்பி சொன்னது சரி. முளைகட்டின பயறையும் அவிச்சே குடுங்கோ தங்கச்சி, 2011ல ஜெர்மனில வெந்தய முளையால கிட்டத்தட்ட 4000 பேருக்கு வருத்தம் வந்து 50 பேருக்கு மேல செத்தவை. அந்த ஈ.கோலையும் ஈஎஸ்பிஎல்தான், ஆனா ஆக்களைச் சாகடிச்சது அதின்ட நஞ்சு. அதுக்காக மரக்கறியை நிப்பாட்டிப்போடாதேங்கோ, சீனி வருத்தக்காரருக்கு இலைக்கறி கட்டாயம் வேணும். பார்மசில சும்மா அமொக்சிசிலின் வாங்கிப் போடுற பழக்கம் வீட்டில இருந்தா அதைத்தான் முதல்ல விடோணும்.

வெள்ளவத்தை_மகள்:
நன்றி அண்ணா, தம்பி. ஒமிப்ரசோல் ரெண்டு வருஷமாப் போடுறா, ஒருத்தரும் இதைச் சொல்லேல்ல! அமொக்சிசிலினும் தடிமன் எண்டா நானேதான் வாங்கிக் குடுக்கிறனான், இனி மாட்டன். இண்டைக்கு வல்லாரையைத் தேங்காப்பூப் போட்டு வறையாச் செய்து குடுத்தன், முகத்தைச் சுழிச்சாலும் சாப்பிட்டிட்டா.