புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அறுவைக்குப் பின் வலி மருந்து தாமதமான விஷயம்

வயிற்று அறுவை முடிந்த பாட்டிக்கு, சார்ட்டில் மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) எழுதியிருந்தும் இரவு முழுக்கக் கிடைக்கவில்லை. முந்தைய பதிவு அதைப் பற்றியது. ‘வலி வந்ததும் நர்ஸைக் கூப்பிடுங்கள்’ என்று அதில் சொன்னது போதாது, திருத்துகிறேன்.

சிக்கல், சார்ட்டில் மருந்துக்குப் பக்கத்தில் எழுதும் ‘பி.ஆர்.என்.’ என்ற மூன்றெழுத்தில் இருக்கிறது. தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம்; கேட்காவிட்டால் வராது. கேட்டாலும், மார்ஃபின் இங்கே அட்டவணை 6 மருந்து, அதாவது கடும் கட்டுப்பாடு உள்ளது. பூட்டிய அலமாரி, பதிவேடு, சரிபார்க்க இன்னொருவர். இரவில் அந்த இன்னொருவர் வருவதற்குள் வலி உச்சிக்கு ஏறிவிடும். ஆகவே ரவுண்ட்ஸ் டாக்டரிடம், பாரசிட்டமாலை (நம்மூர் பனாடோதான்) நேரப்படி எழுதச் சொல்லுங்கள். 50 கிலோவுக்கு மேல், ஈரல் நன்றாக இருந்தால், 6 மணிக்கொரு முறை 1 கிராம். நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. அதோடு கூடுதலாகத்தான் மார்ஃபின். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவருக்கு இபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை வேண்டாம்.

பத்துக்கு எத்தனை வலி என்று படுத்திருக்கும்போது மட்டும் கேட்டால் ஏமாற்றும். வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடித்து இருமச் சொல்லி, அப்போது கேட்க வேண்டும். இரும முடியாதவருக்குச் சளி தங்கி நிமோனியா வரலாம்.

பாட்டி ‘எரியுது, சுண்டி இழுக்குது’ என்பார். நர்ஸுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பேரப்பிள்ளை அதை ‘பெயின்’ என்று சுருக்கிவிடுவான். அங்கேதான் கோட்டை விடுகிறோம். எரிச்சல் நரம்பு வலியின் அடையாளம். மார்ஃபினை மட்டும் கூட்டினால் சரியாகக் கேட்காது, அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் தேவைப்படலாம்.

புகார் தரும் உரிமை தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டம் 18ஆம் பிரிவில் இருக்கிறது. வார்டு, தேதி, மருந்து கேட்ட மணி, கொடுத்த மணி, நான்கையும் எழுதிக் கொடுங்கள்.